மூச்சுப் பெல்ட் ஏன் மூச்சுமுட்ட வைக்கிறது?

மூச்சை மெதுவாக்க நீங்கள் செய்த பெல்ட் நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற வேகத்தில் அதிர்கிறது, இடுப்பில் போட்டுப் பார்த்தவர்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெல்ட்டை இயக்கும் நிரலில் பிழை இருக்காது என்றே நினைக்கிறேன். சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். எடுத்த எடுப்பில் 6-க்கு இழுத்தால் உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

ஸ்வீடனில் வடிவமைப்பு ஆய்வாளர் கிறிஸ்டினா ஹூக் குழுவினர் செய்த ஒரு விளக்கைப் பாருங்கள். படுத்திருப்பவரின் மார்பு அசைவை சென்சார் அளக்கும், அதற்கேற்ப வெளிச்சம் கூடிக் குறையும். விளக்குதான் மூச்சைப் பின்தொடர்கிறது. அவர்களுடைய இன்னொரு ஆக்கம் ஒரு பாய். அது உடம்பின் ஒவ்வொரு பகுதியையும் மெல்ல வெதுவெதுப்பாக்கி கவனத்தை அங்கே கொண்டுபோகும். இதையெல்லாம் வடிவமைக்கும்போது அவர்களே தரையில் படுத்து, மெல்ல அசைந்து உடம்பைக் கவனிக்கும் ஃபெல்டன்கிரைஸ் பயிற்சி செய்தார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

நீங்களும் லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு இருபது நிமிடம் படுங்கள். நண்பர் ஒருவரை உங்கள் விலா மேல் கை வைக்கச் சொல்லுங்கள். முதலில் அந்தக் கை உங்கள் மூச்சோடு சேர்ந்து அசையட்டும், அப்புறம் அவர் இஷ்டத்துக்கு லேசாக அழுத்தட்டும். வித்தியாசம் உடனே தெரியும். உங்கள் பெல்ட் இப்போது இரண்டாவது வகைக் கை.

அப்புறம் பெல்ட்டை அதிரவைக்கும் அந்த மோட்டார். சட்டென்று அதிர்ந்தால் போன் வந்த மாதிரிதான் இருக்கும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கட்டும். முதல் சில நிமிடங்கள் அவரவர் மூச்சு வேகத்திலேயே போகட்டும். குறைப்பதை அதற்குப் பிறகு, துளித்துளியாகச் செய்யுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.