இசப்கோல் கொலஸ்ட்ராலைக் குறைக்குமா?

கேள்வி: வயது 46. கெட்ட கொலஸ்ட்ரால் (எல்.டி.எல்.) 142. மலச்சிக்கலுக்கு இரவில் ஒரு ஸ்பூன் இசப்கோல் உமி சாப்பிடுகிறேன். அதுவே கொலஸ்ட்ராலையும் குறைக்கும் என்கிறார்களே?

பதில்: குறைக்கும், ஆனால் அந்த ஒரு ஸ்பூன் போதாது. நாளுக்கு 10 கிராம் வேண்டும். காலை, இரவு சாப்பாட்டுக்கு முன் 5 கிராம் வீதம். உமி லேசானது, ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். ஒரு தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள். 250 மி.லி. தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். வைத்திருந்தால் கூழாக இறுகிவிடும். தண்ணீர் குறைந்தால் தொண்டையை அடைக்கும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இது வேண்டாம்.

அந்தக் கொழகொழப்புதான் மருந்தே. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். புதுப் பித்தம் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். எல்.டி.எல். 5 முதல் 10 சதவீதம் இறங்கலாம். உங்கள் 142, 130 பக்கம் வரும். ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) பெரிதாக அசையாது.

வயிறு உப்பும், அதனால் முதல் வாரம் பாதி அளவு போதும். மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரமும் தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரமும் இடைவெளி விடுங்கள். 8 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. மாரடைப்பு வந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறக் கூடாது.