பாலஸ்தீனத்துக்காகப் பினாங்கில் ஒரு பர்கரை வேண்டாம் என்றால் அங்கே என்ன மாறும்?

இப்படி என்னைக் கேட்டவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: இங்கே கடையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள்தானே அடிபடுகிறார்கள்? நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரன். இஸ்ரேலுக்குத் துணைபோகும் நிறுவனங்களிடம் பொருள் வாங்காத புறக்கணிப்பை ஆதரிப்பவன். ஆனாலும் அந்த இரண்டாவது கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசு வரவில்லை.

என் அக்கா மகள் படித்துக்கொண்டே ஒரு துரித உணவுக் கடையில் பகுதி நேர வேலை பார்த்தாள். கூட்டம் குறைந்ததும் அவளுக்கு ஷிப்டும் குறைந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கல்லாவில் நின்ற அவளைப் பார்த்து, கொலைக்குத் துணை போகிறாய் என்று கத்திவிட்டுப் போனார்கள். "நான் என்ன மாமா செய்தேன்?" என்று கேட்டாள். மணிக்கூலிக்கு நிற்கிற பிள்ளையைத் திட்டுவதால் காஸாவில் ஒருவருக்கும் ஒரு நன்மையும் இல்லை. அப்படிச் செய்பவர்கள் இந்தப் போராட்டத்துக்குக் கெட்ட பெயர்தான் வாங்கித் தருகிறார்கள்.

இஸ்ரேலோடு மலேசியாவுக்குத் தூதரக உறவே கிடையாது. 2023 டிசம்பரில் இஸ்ரேலியக் கொடி ஏந்திய கப்பல்கள் நம் துறைமுகங்களுக்கு வரவும் அரசு தடை போட்டது. அதனால் இங்கே கோபமெல்லாம் அமெரிக்கப் பெயர்ப்பலகை மாட்டிய கடைகள் மேல் விழுகிறது. அவற்றை நடத்துவதோ வேறு ஆட்கள். மெக்டோனல்ட்ஸின் மலேசிய உரிமம் ஒரு சவுதிக் குழுமத்தின் கையில் இருக்கிறது. ஸ்டார்பக்ஸை நடத்துவது பெர்ஜாயா என்ற மலேசியக் குழுமம். 2023 கடைசிக் காலாண்டில் அதன் உணவு நிறுவனமான பெர்ஜாயா ஃபூட்டின் வருமானம் முந்தைய ஆண்டைவிட 38 விழுக்காடு சரிந்தது. ஆனால் ஸ்டார்பக்ஸுக்கு 2003 முதல் இஸ்ரேலில் கடையே இல்லை. பாலஸ்தீன அமைப்புகள் 2005இல் தொடங்கிய பி.டி.எஸ். என்ற புறக்கணிப்பு இயக்கத்தின் முதன்மைப் பட்டியலிலும் அது இல்லை.

மெக்டோனல்ட்ஸ் கதை வேறு. 2023 அக்டோபரில் அதன் இஸ்ரேலிய உரிமதாரர் ராணுவத்தினருக்கு இலவசச் சாப்பாடு கொடுத்தார். பல நாடுகளில் மக்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். மத்தியக் கிழக்கோடு மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விற்பனை அடிவாங்கியதை நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டார். 2024 ஏப்ரலில் அந்த உரிமதாரரிடமிருந்து 225 கடைகளையும் தலைமை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. புறக்கணிப்புதான் காரணம் என்று அது சொல்லவில்லை. முப்பது ஆண்டு ஏற்பாட்டை அந்த நேரத்தில் முடித்துக்கொள்ள வேறு அவசரம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இதனால் பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2024 ஜூலையில் அனைத்துலக நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது, அப்படியும் தொடர்கிறது. ஆனால் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் பொருள்களை வாங்காதீர்கள் என்று லண்டனில் குரல் எழுந்தது 1959இல். பிரிட்டனின் பார்க்ளேஸ் வங்கி அந்த நாட்டை விட்டு வெளியேறியது 1986இல். அவ்வளவு காலம் பிடிக்கும் வேலை இது. அத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்க வேண்டுமானால் புறக்கணிக்கும் நிறுவனங்களின் பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். இன்டெல் 1972 முதல் இங்கே ஆலை நடத்துகிறது. இஸ்ரேலின் கிர்யாட் காட் நகரிலும் அதற்குப் பெரிய சிப் ஆலை உண்டு. ஆலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் வேலையை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

என்னால் முடிந்தது வேறு. பெட்ரோல் போட கால்டெக்ஸுக்குப் போவதில்லை. அதன் தாய் நிறுவனமான செவ்ரான் இஸ்ரேலின் லெவியதான் எரிவாயு வயலை இயக்குகிறது. அப்புறம், எங்கள் கோயில் கமிட்டிக்குப் பிரிண்டர் வாங்கும் பேச்சு வந்தபோது எச்.பி. வேண்டாம் என்றேன். தலைவர் காரணம் கேட்டார். பி.டி.எஸ். பட்டியலைக் காட்டினேன். விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று வேறு பிராண்டுக்கு ஆர்டர் கொடுத்தார்.