விண்டோஸ் 98 கணினியில் மோடம் டயல் செய்ததும் மவுஸ் நின்றுவிடுவது ஏன்?

மவுஸ் காம் 1 என்ற சீரியல் போர்ட்டில், ஐஎஸ்ஏ (பழைய வகைக் கார்டு துளை) மோடம் காம் 3-இல் என்கிறீர்கள். கோளாறு அங்கேதான். சாதனம் செயலியைக் கூப்பிடும் கோட்டின் எண்தான் ஐஆர்க்யூ. வழக்கமான அமைப்பில் இரண்டுக்குமே ஐஆர்க்யூ 4. காம் 2, காம் 4 இரண்டுக்கும் 3. பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் ஒரே எண்ணைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரியாதவை. மோடம் விழித்தால் மவுஸ் படுத்துவிடும்.

காம் 2-இல் எதுவும் செருகவில்லை என்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அதை முடக்குங்கள். அப்புறம் கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மோடத்தின் ஜம்பரை (ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) காம் 2, ஐஆர்க்யூ 3-க்கு மாற்றுங்கள். எந்த ஊசி எதற்கென்று பெரும்பாலும் கார்டிலேயே பொடி எழுத்தில் இருக்கும், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் பழைய மோடத்தை நீக்கி, புதிதாகச் சேருங்கள். கோளாறைக் காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறி அங்கே மறைந்திருந்தால் சரி.

மதர்போர்டில் பிஎஸ்/2 என்ற வட்டமான மவுஸ் துளை இருந்தால், அதில் செருகும் மவுஸைப் பயன்படுத்துங்கள், இந்தப் பாடே வேண்டாம். அந்த மவுஸுக்கு ஐஆர்க்யூ 12.