வாசகர் கேள்வி: அம்மா முட்டி ஆபரேஷன், எத்தனை மாசம் காத்திருக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு முட்டி மாத்தணும்னு அரசு ஆஸ்பத்திரில சொல்லி ஏழு மாசம் ஆச்சு சார், ரெண்டு தடவை தேதி குடுத்து தள்ளி வெச்சுட்டாங்க, நமக்கப்புறம் வந்தவங்களுக்கு ஆயிடுச்சு. மஞ்சப்பைல வெச்சிருக்கிற எக்ஸ்ரே கவரே மடிப்புல கிழிஞ்சிருச்சு. இது நியாயமா?

பதில்: தங்கச்சி, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. ஆக்சிடென்ட் கேஸ் வந்தா தியேட்டரும் மயக்க டாக்டரும் அங்கதான் போகணும், அதுல தப்பு சொல்ல முடியாது, அதே மாதிரி வலி தாங்காம படுத்த படுக்கையா இருக்கிறவங்களை முன்னாடி எடுத்தாலும் சரிதான். ஆனா சிபாரிசு லெட்டரோட வந்தவர் முன்னாடி போனா அது அநியாயம், அம்மா நடக்க வேண்டிய நாளை எடுத்து இன்னொருத்தருக்கு குடுக்கிற மாதிரி.

இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ல 92 சதவீதம் பேருக்கு 18 வாரத்துக்குள்ள சிகிச்சை தொடங்கணும்னு இலக்கு, 2016க்கப்புறம் அவங்களாலயும் எட்ட முடியல, ஆனா எத்தனை பேர் எவ்வளவு நாளா காத்திருக்காங்கன்னு மாசாமாசம் வெளியிடுறாங்க. நமக்கும் அந்த மாதிரி வெளிப்படையா ஒரு லிஸ்ட் வேணும், வரிசைல எத்தனாவது ஆள்னு நோயாளிக்கு தெரியணும்.

இப்போ நீங்க எலும்பு டிபார்ட்மென்ட் தலைமை டாக்டரை நேர்ல பாருங்க, எந்த தேதில பதிவாச்சு, ஏன் தள்ளிப்போச்சுன்னு எழுதிக் கேளுங்க. பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா வேற ஆஸ்பத்திரில சீக்கிரம் ஆகுமான்னும் விசாரிங்க. நாளாயிட்டதால பழைய பிளட் டெஸ்டை திரும்ப எடுக்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னாலும் சொல்வாங்க, இப்பவே கேட்டு வெச்சுக்கோங்கம்மா.