பயாப்சி ரிசல்ட் வந்த பிறகு: கேள்வி பதில்

புற்றுநோய் வார்டில் 22 வருடம் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது பாலக்கோட்டில் வீட்டோடு இருக்கிறேன். என் அம்மாவுக்கும் இதே நோய் வந்ததால் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்பது என்பதில் நான் உதவலாம்.

காரிமங்கலம், மகன்: அப்பாவுக்கு 61 வயது. நாக்கு ஓரத்தில் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர். ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் போடவில்லை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் அக்கா.

பயாப்சி என்கிற சதைப் பரிசோதனை, அது என்ன நோய் என்று மட்டும்தான் சொல்லும் தம்பி. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது கழுத்து, நெஞ்சு ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரியும். நாக்கில் வந்தால் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன்தான். கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்த சதையின் ரிப்போர்ட்டைப் பார்த்து, தேவைப்பட்டால் ஆறு வாரம் போலக் கரண்ட் வைப்பார்கள், அதாவது ரேடியேஷன்.

கத்தி பட்டுப் பரவியது என்ற கதை எப்படி வந்தது தெரியுமா? முன்பெல்லாம் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வருவார்கள். திறந்து பார்த்தால் ஏற்கெனவே பரவியிருக்கும். பழி கத்தி மேல் விழுந்துவிட்டது.

இரண்டு வேலை உடனே செய்யுங்கள். எடுத்த சதையைப் பதித்து லேபில் வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்கக் கேட்பார்கள், இல்லையென்றால் திரும்ப அலைய வேண்டும். அப்புறம், கரண்ட் வைப்பதாக இருந்தால் அதற்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வைத்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஓசூர், மகள்: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று, ஸ்டேஜ் 3பி. ஆபரேஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை கண்ணு. இந்தக் கேள்வியை வார்டில் எத்தனை பேர் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்கள்! இந்த ஸ்டேஜுக்கு முதல் வைத்தியமே ரேடியேஷனும், வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசியும்தான். குணமாக்கும் நோக்கத்தோடுதான் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து சுமார் 25 நாள், வாரத்துக்கு ஐந்து நாள். அதற்குப் பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கரண்ட். இதை வேண்டாம் என்று பாதியில் ஓடிவருபவர்கள் அதிகம், கூச்சம்தான் காரணம். ஆனால் அது இல்லாமல் வைத்தியம் முழுமையாகாது. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். பண்டிகை, கல்யாணம் என்று நாள் விடாதீர்கள். 3பி என்பதால் சிறுநீரகம் அடைபட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த ஊசி சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

எந்த வைத்தியம் சொன்னாலும் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: "இது குணமாக்கவா, கட்டுப்படுத்தவா?" பதில் தெரிந்தால் மற்ற குழப்பமெல்லாம் பாதியாகும்.

கிருஷ்ணகிரி, மகன்: அடையாறா, வேலூரா, பெங்களூரா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கீமோ மட்டும் என்றால் பல மருந்துகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய்வந்தால் போதும், தூரம் பெரிதில்லை. ரேடியேஷன் என்றால் தினமும் போக வேண்டும். அங்கே தங்க இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, பெங்களூரு கித்வாய் எல்லாமே இந்த வைத்தியத்துக்குப் பழகிய இடங்கள். உங்கள் அத்தை வீடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நல்ல ஊர்!

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸ் போங்கள். எந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், குறிப்பாகக் கர்நாடகா பக்கம் போவதாக இருந்தால். ரயிலில் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும். கிருஷ்ணகிரிக்கு ரயிலே இல்லையே என்கிறீர்களா? அதுவும் சரிதான், ஜோலார்பேட்டை வரை பஸ்தான்.

பென்னாகரம், மகள்: அப்பாவிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் உடைந்துபோவார். டாக்டரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

நானும் இதையேதான் செய்தேன். அத்தனை வருட வேலை அனுபவம், ஆனால் சொந்த அம்மா என்றதும் வாய் வரவில்லை. குடல் புண் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அம்மா ஐந்தாம் வகுப்பு படித்தவர். ஆஸ்பத்திரி வாசலில் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக இருக்கும்! படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன்" என்றார். அந்த மூன்று வாரமும் அவர் தனியாகப் பயந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்கப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள், ஆனால் பொய் சொல்லாதீர்கள். முடி கொட்டும்போது அல்சர் என்று சொல்ல முடியாது. நிலம், பத்திரம், பேத்தி கல்யாணம் என்று அவருக்கும் முடிவு செய்ய வேண்டியவை இருக்கும்.

அரூர், மருமகள்: மாமியாருக்குக் களி கொடுக்கலாமா? முள் சீத்தா கொடுத்தால் கீமோவே வேண்டாமாமே?

களி, கீரை, வேகவைத்த முட்டை எல்லாம் கொடுங்கள். முள் சீத்தா புற்றைக் குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. எந்த நாட்டு மருந்து கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தர்மபுரி, மகன்: கீமோ போட்டுப் பத்தாம் நாள். அம்மாவுக்கு 101 காய்ச்சல், மாத்திரை கொடுத்ததும் இறங்கிவிட்டது. காலையில் போனால் போதுமா?

போதாது. இப்போதே கிளம்புங்கள். இந்த நாட்களில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். எந்த ஆஸ்பத்திரியானாலும் "கீமோ போட்டிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம், மகன்: அப்பாவுக்கு 74. வயிற்றுப் புற்று கல்லீரலுக்கும் போய்விட்டது. மார்ஃபின் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், கடைசிக் கட்டம் என்று அர்த்தமா? அண்ணன் கீமோ போட்டே தீர வேண்டும் என்கிறார். அப்பா மாங்காய் பறிப்புக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்கிறார்.

மார்ஃபின் வலிக்கான மருந்து, கடைசிக் கட்டத்தின் அடையாளம் இல்லை. சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேளுங்கள். இங்கே கீமோ கொடுப்பது கட்டுப்படுத்தத்தான். எத்தனை மாதம் கூடும், அதில் எத்தனை நாள் படுக்கையில் போகும் என்று அண்ணனை வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவும் அந்த அறையில் இருக்கட்டும். மாங்காய் பறிப்பு எந்த வாரம் என்பதையும் சொல்லுங்கள் தம்பி, கீமோ தேதியைத் தள்ளி வைக்க முடியும்.