இந்துவான நான் கத்தோலிக்கக் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்கலாமா?

கேட்டவர் காரைக்குடிக்காரர். கூட வேலை பார்க்கும் கத்தோலிக்கத் தோழி, "என் பையனுக்கு நீதான் ஞானத்தாய்" என்று சொல்லிவிட்டாராம். எத்தனை பவுன் போடணும், பிற்பாடு என்னென்ன செய்யணும் என்று கேட்கிறார். திருமுழுக்கில், அதாவது ஞானஸ்நானத்தில், குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய், ஞானத்தகப்பனைத்தான் ஞானப்பெற்றோர் என்கிறோம்.

பவுன் கிடக்கட்டும். முதலில் தோழியைப் பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பொதுவாக 16 வயது நிறைந்த, நற்கருணையும் (பூசையில் தரும் திரு அப்பம்) உறுதிப்பூசுதலும் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்ற கத்தோலிக்கர்தான் ஞானப்பெற்றோர் ஆகலாம். பெற்ற அப்பா அம்மா ஆக முடியாது. ஒருவரே போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள் கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். உங்களுக்கு அதுவும் கிடையாது. பத்திரிகை அடித்த பிறகு இது தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் சங்கடம்.

இதை ஒதுக்கிவைப்பதாக நினைக்காதீர்கள். திருமுழுக்கின்போது, பசாசை (சாத்தானை) விட்டுவிடுகிறேன், இன்னதை நம்புகிறேன் என்று பெற்றோரோடு சேர்ந்து ஞானப்பெற்றோரும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். நம்பாத ஒருவரை அப்படிச் சொல்லவைப்பதுதான் மரியாதைக் குறைவு.

இனி பவுன். சபை எதுவும் கேட்பதில்லை. குழந்தைக்கு வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியும் ஞானப்பெற்றோர் வாங்கிவருவது வழக்கம், அவ்வளவுதான். ஆனால் நம்ம பக்கம் சீர் இல்லாமல் ஒரு விசேஷம் நடக்குமா? காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி, தட்டு வரிசை, தங்கம். அதே கணக்கை இதற்கும் போட்டு, சிங்கப்பூர் மாமாவை ஞானத்தகப்பன் ஆக்கிவிடுகிறார்கள். அவர் சங்கிலி போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, விமானம் ஏறிவிடுவார். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது.

என் ஞானத்தகப்பன் அப்பாவின் சிநேகிதர், பெயிண்ட் கடையில் கணக்கு எழுதியவர். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். செக்காலை சகாயமாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்காமல் நின்றபடியே, "இன்னைக்கு சாமியார் என்ன பிரசங்கம் வச்சார், சொல்லு" என்பார். முழித்தால் அவரே சொல்லிவிட்டுத்தான் மிதிப்பார். புதுநன்மைக்கு (முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு) முன் கடவுளின் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் பண்ணவைத்ததும் அவர்தான். இன்ஜினீயரிங் வேண்டாம், கேட்டரிங் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லப் பயந்தபோது, அப்பாவிடம் அவர்தான் போய்ப் பேசினார். எதுவோ சொல்லியிருக்கிறார், அப்பா அதற்கு மேல் பேசவில்லை.

அப்பா அம்மா இல்லாமல் போனால் பிள்ளை ஞானப்பெற்றோருக்குத்தான் என்று சிலர் நம்புகிறார்கள். நாட்டுச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்த எண்ணம் இருந்தால் உயிலில் காப்பாளர் பெயரை எழுதிவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் முடிவு செய்யும்.

கோவில் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன? பையனுக்கு நீங்கள் சித்திதான். ஆசைப்பட்டால் கால் பவுன் மோதிரம் போடுங்கள், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஞானத்தாயாக நிற்க, ஊரோடு இருக்கிற, பூசைக்கு வருகிற ஒருவரைத் தோழி பார்க்கட்டும். சிங்கப்பூர் மாமா கோபித்துக்கொண்டால் காதுகுத்தை அவர் மடியில் வைத்துக்கொள்ளலாம்.