ஓடைக்கரை மரப்பெரணி கருகுவது ஏன்?

கேள்வி: கூடலூர் அருகே எங்கள் காப்பித் தோட்டத்து ஓடைக்கரையில் 11 மரப்பெரணிகள் உள்ளன. சென்ற ஆண்டு கரைப் புதரையும் நிழல் மரங்களையும் வெட்டிச் சுத்தம் செய்தோம். இப்போது பெரணி இலைகள் ஓரத்திலிருந்து கருகுகின்றன. ஒன்று பட்டே போய்விட்டது. என்ன உரம் இடலாம்? ஆர்க்கிட் வளர்ப்பதற்காகத் தண்டை விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், உரம் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இலைக்காம்பு கறுத்துப் பளபளப்பதாலும் அதன் அடியில் பழுப்புச் செதில்கள் இருப்பதாலும், இது சயாத்தியா ஜைஜான்டியா என்ற மரப்பெரணி இனம் என்றே கருதுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, தென்கிழக்காசியா ஆகிய இடங்களில் நீர் கசியும் சரிவுகளும் ஓடைக்கரைகளுமே இதன் இருப்பிடம். மரம் என்று சொன்னாலும் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை கிடையாது. அடித்தண்டின் பருமன் பெரும்பாலும் பின்னிக் கிடக்கும் கறுப்பு வேர்களே. புதர் நீங்கி வெயிலும் காற்றும் நேரே அடிக்கையில், 2 முதல் 3 மீட்டர் வரை நீளும் இலைகள் இழக்கும் நீரை அவ்வேர்களால் ஈடுகட்ட முடிவதில்லை.

முதலில் உச்சியில் செதில்களை மெல்ல விலக்கி, சுருண்ட குருத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பச்சையாகவும் கெட்டியாகவும் இருந்தால் செடி பிழைக்கும். கறுத்துக் குழைந்திருந்தால் நம்பிக்கை இல்லை, ஏனெனில் இதற்கு வளரும் நுனி அந்த ஒன்றுதான். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேற்குப் பக்கத்தில் கல்யாண முருங்கைப் போத்துகளை ஊன்றுங்கள். அடர் இருட்டு வேண்டாம், சல்லடை நிழல் போதும். அடியில் சருகைப் பரப்புங்கள். கரையில் களைக்கொல்லி கூடவே கூடாது.

ஈரக் கரைமண்ணில் பச்சைப் படலமாகத் தெரிவதைப் பாசி என்று சுரண்டிவிடாதீர்கள். இலையின் அடியிலிருந்து உதிரும் தூள் போன்ற வித்துகள் (ஸ்போர்கள்) முளைத்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவத் தகடுகளாக அங்கே இருக்கக்கூடும். அவற்றில் நீர்ப்படலம் நின்றால்தான் கருவுற்று இளம்பெரணி எழும். இது நிகழும் இடத்தை நாற்றங்காலில் உருவாக்குவது எளிதன்று. உங்கள் ஓடை அதை இலவசமாகச் செய்கிறது.

தண்டைக் கொடுக்க வேண்டாம். வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்காது. மேலும், சயாத்தியா இனங்கள் அனைத்தும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2-ஆம் பட்டியலில் இருப்பதால் அவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதி தேவை. உள்ளூர் விற்பனை குறித்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டுப்போன தண்டு கரையிலேயே கிடந்து மட்கட்டும்.